பழைய பட்டறை நிலம் குடியிருப்பாக மாறும்போது: அக்கம்பக்கத்தாருக்கான முழுமையான வழிகாட்டி

கொங்கு நாட்டு நகரங்கள் விரிந்துகொண்டே போனதில், ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே இருந்த தொழில் நிலங்கள் இன்று வீடுகளுக்கு நடுவே நிற்கின்றன. கோவையில் மூடப்பட்ட பஞ்சாலைகளும் பவுண்டரிகளும் முலாம் பூசும் பட்டறைகளும், ஈரோட்டில் தோல் பதனிட்ட இடங்களும், திருப்பூரில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்ட 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளில் மறுபடி திறக்க முடியாமல் போனவையும் இந்த வகையில் சேரும். இத்தகைய நிலம் கைமாறும்போது காம்பவுண்டு இடிக்கப்படுகிறது, சில லோடு செம்மண் கொட்டிச் சமப்படுத்தப்படுகிறது, மனை விற்பனைப் பலகை வைக்கப்படுகிறது. அந்தச் செம்மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

இந்த வழிகாட்டி அப்படிப்பட்ட நிலத்தைச் சுற்றி வாழ்பவர்களுக்கு உரியது. இதில் திரும்பத் திரும்ப வரும் கருத்து ஒன்றுதான்: அந்த நிலம் எதற்குப் பயன்படப்போகிறது என்று முடிவாவதற்கு முன்பே அக்கம்பக்கத்தார் உள்ளே நுழைந்தாக வேண்டும். யாராவது அழைப்பார்கள் என்று காத்திருப்பதில் பயனில்லை. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு முன்கூட்டிய சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்று 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சொல்கிறது. ஆனால் அதே அறிவிக்கை கட்டுமானத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கும் அளித்திருக்கிறது. ஆகவே, பத்து மாடிக் குடியிருப்பு எழும்பினாலும் உங்கள் தெருவில் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

முதல் படி: நிலத்தின் பழைய கதையைத் திரட்டுதல்

காகிதத்தில் தொடங்குவது எளிது. பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கச் சான்றைப் பார்த்தால், நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போனது, எந்த வங்கியில் அடமானம் வைக்கப்பட்டது என்பவை தெரியவரும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேடும் புல வரைபடமும் எல்லைகளையும், அருகிலுள்ள பள்ளம், ஓடை, வாய்க்கால் புறம்போக்கையும் காட்டும். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தால், இப்போது தரைமட்டமாகிவிட்ட கழிவுநீர்த் தொட்டிகளும் கறுத்துக் கிடந்த மூலைகளும் கண்ணில் படும்.

மிக முக்கியமான காகிதம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழங்கிய இசைவாணை. என்ன பொருள் உற்பத்தி செய்தார்கள், நாளொன்றுக்கு எவ்வளவு கழிவுநீர், அதை எங்கே விட அனுமதி, எவ்வளவு அபாயகரக் கழிவு என்ற விவரங்கள் அதில் இருக்கும். மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுச் செய்தால் 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். "மாசு உள்ளதா?" என்று கேட்காதீர்கள், "தகவல் இல்லை" என்ற ஒரு வரியோடு மனு திரும்பிவிடும். இந்த சர்வே எண்ணில் இயங்கிய ஆலைக்கு வழங்கப்பட்ட எல்லா இசைவாணைகள், ஆய்வறிக்கைகள், விளக்கம் கோரும் நோட்டீஸ்கள், மூடல் உத்தரவு, கடைசி நீர் மாதிரி முடிவுகள் ஆகியவற்றின் நகல் வேண்டும் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இருந்தாலும், காகிதத்தில் ஏறாத செய்திகளே அதிகம். அனுமதி பெற்ற குழாய் ஒன்று, இராத்திரியில் திறந்துவிட்ட குழாய் வேறொன்று என்பது அந்தப் பட்டறையில் வேலை செய்தவருக்குத்தான் தெரியும். அதனால் பழைய தொழிலாளர்களையும், சுற்றுப்புறத்தில் முப்பது நாற்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் பெண்களையும், கிணறு வைத்திருந்த தோட்டக்காரர்களையும் உட்காரவைத்து ஒரு நினைவு வரைபடம் தயாரிக்க வேண்டும். புல வரைபடத்தை ஒரு முழுச் சார்ட்டு அளவுக்குப் பெரிதாக்கி மேசைமேல் விரித்து, பென்சிலைப் பெரியவர் கையிலேயே கொடுத்துவிடுவது நல்லது. முலாம் பட்டறை என்றால் ஆசிட் தொட்டி எங்கே இருந்தது, குரோமியத் தொட்டியிலிருந்து எடுத்த சாமானை எங்கே தொங்கவிட்டுச் சொட்டவைத்தார்கள், கழுவிய தண்ணீர் எந்த வாசல் வழியாகப் போனது என்று கேளுங்கள். சாயப்பட்டறை என்றால் உப்பு மூட்டை அடுக்கிய இடம், காய்ந்த கசடைச் சாக்கில் கட்டி வைத்த இடம். பவுண்டரி என்றால் எரிந்த மணலைக் கொட்டிய குழி. பஞ்சாலை சுத்தமான தொழில் என்று பலரும் நினைப்பதுண்டு. ஆனால் பாய்லர்ச் சாம்பல், டிரான்ஸ்பார்மர் எண்ணெய், டீசல் தொட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஆகிய நான்கையும் மில் வளாகத்தில் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

சொல்பவர் பெயரை வரைபடத்தில் எழுத வேண்டாம். பழைய முதலாளியிடம் இன்னும் கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள் இருப்பார்கள். நிகழ்ச்சி நடந்த ஆண்டு துல்லியமாகத் தெரியாவிட்டால், அது எந்தத் தேர்தலுக்கு முன், எந்தக் கும்பாபிஷேகத்துக்குப் பின் என்று குறித்துக்கொண்டாலே போதும்.

இரண்டாம் படி: யார் யார் சேர்வது

குடியிருப்போர் நலச் சங்கம் இருந்தால் அதன் பெயரிலேயே தொடங்கலாம், இல்லாவிட்டால் புதிதாகப் பதிவு செய்யும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சொந்த வீட்டுக்காரர்கள் மட்டும் கூடும் கூட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு: மாசு என்ற சொல் வெளியே போனால் தன் வீட்டின் விலை விழுந்துவிடும் என்ற பயம் அவர்கள் எல்லோருக்கும் இருக்கும். லைன் வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்களும், பிழைப்புக்கு வந்த வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்களும், பக்கத்துக் காலனிக்காரர்களும்தான் போர் எனப்படும் ஆழ்துளைக் கிணற்றின் தண்ணீரை நேரடியாகப் பயன்படுத்துபவர்கள். அவர்களின் பிள்ளைகள்தான் அந்தக் காலி இடத்தில் விளையாடுபவர்கள். கூட்டத்தைப் பனியன் கம்பெனி ஷிப்ட் முடியாத நேரத்தில் கோயில் மண்டபத்தில் வைத்துவிட்டு, "பெண்கள் வருவதில்லை" என்று குறைப்பட்டுப் பயனில்லை. ஞாயிறு முற்பகலில், எல்லோரும் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ வையுங்கள்.

மூன்றாம் படி: மண்ணையும் நீரையும் சோதித்தல்

இங்கே ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். "மண் டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு" என்று கட்டுநர் சொல்வது பெரும்பாலும் கட்டடத்தின் பாரத்தை மண் தாங்குமா என்ற சோதனையைத்தான். வேளாண்மைத் துறையின் மண்வள அட்டை தழை, மணி, சாம்பல் சத்துகளையும், கார அமிலத் தன்மையையும், நுண்ணூட்டங்களையும் சொல்லும். இந்த இரண்டிலும் ஈயம், குரோமியம், காட்மியம், எண்ணெய்க் கழிவு எதுவும் சோதிக்கப்படுவதில்லை. தேவையானது தேசிய அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் செய்யப்படும் நச்சுப்பொருள் பகுப்பாய்வு. எதைச் சோதிக்கச் சொல்வது என்பதைத் தொழிலின் வகையே தீர்மானிக்கும்: முலாம் பட்டறைக்கு ஆறு இணைதிறன் குரோமியம் (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்), நிக்கல், சயனைடு, பழைய பேட்டரி உருக்கிய இடத்துக்கு ஈயம், தோல் பதனிட்ட இடத்துக்கு மொத்தக் குரோமியமும் உப்பும், சாயப்பட்டறைக்குக் கரைந்துள்ள மொத்த உப்புகள், சோடியம், கன உலோகங்கள், பெட்ரோல் பங்க் இருந்த இடத்துக்குப் பென்சீனும் அதன் வகையறாக்களும். எல்லாவற்றையும் சோதிக்கச் சொன்னால் பணம் கரையும், கேள்விக்கு விடை கிடைக்காது.

மண் மாதிரியை நினைவு வரைபடத்தில் குறித்த இடங்களிலிருந்து எடுக்க வேண்டும். புதிதாகக் கொட்டிய செம்மண்ணை விலக்கிவிட்டுப் பழைய தரையின் மேல் 15 சென்டிமீட்டரிலிருந்து ஒன்றும், அரை மீட்டருக்குக் கீழிருந்து ஒன்றும் எடுப்பது குறைந்தபட்சம். துத்தநாக முலாம் பூசிய கரண்டியோ மண்வெட்டியோ வேண்டாம். அதுவே உலோகத்தைச் சேர்த்துவிடும். துருப்பிடிக்காத எஃகுக் கரண்டியை ஒவ்வொரு குழிக்கும் கழுவித் துடைத்துப் பயன்படுத்துங்கள்.

தண்ணீரில் இன்னும் கவனம் தேவை. போரில் மோட்டாரைப் போட்டுக் குழாயில் தேங்கிய நீர் முழுவதும் வெளியேறும் வரை ஓடவிட்டுப் பிறகு பிடிக்க வேண்டும். உலோகச் சோதனைக்கான பாட்டிலில் ஆய்வுக்கூடம் நைட்ரிக் அமிலம் ஊற்றித் தரும். ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு அமிலம் சேர்க்காத தனிப் பாட்டில் வேண்டும்; அதை ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதித்துவிட வேண்டும். சனிக்கிழமை மாலை பிடித்து, திங்கட்கிழமை காலை கொண்டுபோய்க் கொடுத்த பாட்டிலின் முடிவை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே கேள்வியில் தள்ளிவிடுவார்.

முடிவுகளை ஒப்பிட, சந்தேகத்துக்கு இடமில்லாத தூரத்திலிருந்து அதே வகை மண்ணும் நீரும் எடுத்து வைத்திருக்க வேண்டும். நம் பகுதியில் இது மிக அவசியம். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளில் குரோமைட் இயற்கையாகவே இருக்கிறது. கொங்கு நாட்டின் பல ஊர்களில் நிலத்தடி நீர் இயல்பாகவே உப்பும் புளூரைடும் கலந்தது. ஒப்பீட்டு மாதிரி இல்லையென்றால் "இது இயற்கை" என்ற பதிலுக்கு எதிராக நீங்கள் வைக்க ஒன்றும் இருக்காது. இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயத்தின்படி ஒரு லிட்டரில் குரோமியம் 0.05 மில்லிகிராமையும் ஈயம் 0.01 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது.

இன்னொன்று: இங்கே அடியில் இருப்பது கடும்பாறை. நீர் பாறையின் வெடிப்புகள் வழியாகத்தான் நகர்கிறது. பட்டறையை ஒட்டிய போரில் நல்ல தண்ணீரும், நான்கு தெரு தள்ளிய போரில் மஞ்சள் தண்ணீரும் வருவது இதனால்தான். பக்கத்துப் போர் ஒன்று சரியாக இருக்கிறது என்பதை வைத்து யாரும் முடிவு கட்ட முடியாது. ஒவ்வொரு போரின் ஆழத்தையும் குறித்து, முடிந்தவரை பல திசைகளில் மாதிரி எடுங்கள்.

நான்காம் படி: அரசிடம் எடுத்துச் செல்லுதல்

2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்களுக்கென்றே தனி விதிகளைக் கொண்டுவந்தது. அதன்படி மாவட்ட நிர்வாகம் மாசடைந்ததாகச் சந்தேகிக்கப்படும் இடங்களைப் பற்றி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாட்களுக்குள் முதற்கட்ட ஆய்வையும், அடுத்த மூன்று மாதங்களுக்குள் விரிவான ஆய்வையும் முடிக்க வேண்டும். மாசுபடுத்தியவரைக் கண்டறிந்து சீரமைப்புச் செலவை அவரிடம் வசூலிக்க வேண்டும். உங்கள் வரைபடத்தையும் ஆய்வுக்கூட முடிவுகளையும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து, இந்த விதிகளின் கீழ்ச் சந்தேகத்துக்குரிய இடமாகச் சேர்க்கக் கோருங்கள். மனு எண் கையில் இல்லாமல் அலுவலகத்தை விட்டு வெளியே வரக் கூடாது. இந்த விதிகள் திடக்கழிவுக் கிடங்குகளை நேரடியாக ஆள்வதில்லை. கோவை வெள்ளலூர் போன்ற குப்பைக் கிடங்குகளுக்குத் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் அதன் வழியான தேங்கிய குப்பை அகழ்வும்தான் பொருந்தும்.

விதிகளில் பெரிய ஓட்டையும் உண்டு. ஆய்வுக்குக் கெடு வைத்தவர்கள் சீரமைப்பை முடிப்பதற்குக் கெடு வைக்கவில்லை. அந்தக் கெடுவை நீங்கள்தான் எழுத்தில் வாங்க வேண்டும்.

அதே வேளையில் மாநகராட்சி, நகராட்சிப் பகுதி சபைக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். ஊராட்சியாக இருந்தால் கிராம சபை உண்டு. தொழில் உபயோக நிலத்தைக் குடியிருப்பு உபயோகமாக மாற்ற விண்ணப்பம் வந்தால், நகர் ஊரமைப்புத் துறை ஆட்சேபணை கேட்டு வெளியிடும் அறிவிப்பைக் கவனித்துக் காலத்துக்குள் எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். "மாற்றவே கூடாது" என்று எழுதுவதைவிட, சீரமைப்பு முடிந்து சரிபார்ப்பு அறிக்கை வரும் வரை மாற்ற வேண்டாம் என்று எழுதுவது பலிக்கும். எதுவும் நடக்கவில்லையென்றால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. பொதுவான சுற்றுச்சூழல் தகராறுக்கு ஆறு மாதங்களும், இழப்பீட்டுக்கும் சீரமைப்புக்கும் ஐந்து ஆண்டுகளும் காலவரம்பு என்பதை மறக்காதீர்கள். நீண்ட வழக்கு பயனற்றது என்று சொல்பவர்களிடம் நொய்யல் ஆற்றைக் காட்டலாம்: பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்த் தொட்டியாகிப் போனபோது, ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கம் தொடுத்த வழக்குதான் உச்ச நீதிமன்றம் வரை சென்று, திருப்பூர்த் தொழிலைச் சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறைக்குத் திருப்பியது.

ஐந்தாம் படி: எதற்கு இந்த நிலம்

சீரமைப்பின் அளவு, நிலம் எதற்குப் பயன்படப்போகிறது என்பதைப் பொறுத்தது. கனடாவின் வழிகாட்டு அளவுகளை எடுத்துக்கொண்டால், ஒரு கிலோ மண்ணில் ஈயம் விவசாய நிலத்தில் 70 மில்லிகிராம், குடியிருப்பில் 140, தொழில் நிலத்தில் 600 வரை இருக்கலாம். கிடங்கு கட்டுவதற்காக 600க்குச் சுத்தம் செய்த நிலத்தில், பத்து ஆண்டுகள் கழித்து யாரோ ஒருவர் மழலையர் பள்ளி நடத்தினால் அந்தக் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும். கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட பாதரச வெப்பமானி ஆலையின் நிலத்துக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்ற குடியிருப்பு அளவு வைக்கப்பட்டபோது, காட்டுச் சரிவில் உள்ள நிலத்துக்கு அது போதாது என்று உள்ளூர்க்காரர்களும் முன்னாள் தொழிலாளர்களும் பல ஆண்டுகள் வாதாடினார்கள். தண்ணீர் எங்கே வடிகிறது என்று பார்த்துக் கேட்ட கேள்வி அது.

ஆகவே குழு தன் விருப்பத்தை முன்கூட்டியே பேசி எழுத வேண்டும். எல்லோரும் பூங்கா வேண்டும் என்பார்கள். பூங்கா என்றால் குழந்தைகள் மண்ணைத் தொட்டு, அதே கையை வாயில் வைக்கும் இடம். அதற்குத்தான் மிகக் கடுமையான அளவு வேண்டும். மாறாக, முழுக்கக் கான்கிரீட் போட்ட பேருந்து நிறுத்தமோ உழவர் சந்தைக்கான வண்டி நிறுத்தமோ குறைந்த செலவில், குறைந்த ஆபத்தில் முடியும். ஆனால் வாடகைக்கு இருப்பவர்களுக்கு அதில் என்ன கிடைக்கும் என்றும் கேட்க வேண்டும். வெளிப்படையாகச் சொன்னால், சில நிலங்களில் காய்கறித் தோட்டமும் தரைமட்டக் குடியிருப்பும் வேண்டவே வேண்டாம். இப்போது நாகரிகமாகிவிட்ட அடர்வனக் கன்று நடும் விழாவும் நச்சு மண்ணைச் சுத்தம் செய்வதாகாது. மரம் நட்டால் நிழல் கிடைக்கும், குரோமியம் அங்கேயேதான் இருக்கும்.

ஆறாம் படி: சீரமைப்புத் திட்டத்தைப் படித்தல்

திட்டம் ஆங்கிலத்தில், முந்நூறு பக்கத்தில் வரும். தமிழில் சுருக்கம் கேட்டு வாங்குங்கள். பொறியியல் கல்லூரி ஆசிரியர் ஒருவரை வைத்து வாசியுங்கள். உள்ளடக்கம் எவ்வளவு பெரியதாயினும் வழிகள் சிலவே. மண்ணைத் தோண்டி அபாயகரக் கழிவுக் கிடங்குக்கு அனுப்புவது. இரும்பு சல்பேட் போன்றவற்றால் ஆறு இணைதிறன் குரோமியத்தை நச்சு குறைந்த மூன்று இணைதிறன் வடிவத்துக்கு மாற்றுவது. சிமென்ட், சுண்ணாம்பு சேர்த்துக் கெட்டியாக்குவது. அப்படியே விட்டுத் தார்ப்பாய் போன்ற தடித்த படலமும் களிமண்ணும் போட்டு மூடுவது. உப்பேறிய சாயப்பட்டறை மண்ணுக்கு ஜிப்சமும் நல்ல தண்ணீரும் உதவும், ஆனால் கழுவிய உப்பு அடுத்தவர் கிணற்றுக்குப் போகாமல் பிடித்தாக வேண்டும்.

எந்த வழியாக இருந்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: தோண்டிய மண் எங்கே போகிறது? "வெளியே கொண்டுபோவோம்" என்ற பதில் போதாது. நம் ஊர் மண் இன்னோர் ஊரின் கல்குழியில் இரவோடு இரவாகக் கொட்டப்பட்டால் அது சீரமைப்பு ஆகாது. ஒவ்வொரு லாரிக்கும் உரிய அபாயகரக் கழிவுப் போக்குவரத்துச் சீட்டின் நகலைக் குழுவுக்குத் தர வேண்டும் என்று நிபந்தனையில் எழுதவையுங்கள்.

ஏழாம் படி: வேலை நடக்கும்போது

தோண்டும் நாட்களில்தான் தூசு வீட்டுக்குள் வரும். கோவையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆடி மாதத்தில் தோண்டுவதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். தவிர்க்க முடியாதென்றால் தண்ணீர் தெளிப்பு, திரை, சக்கரம் கழுவும் தொட்டி, மூடிய லாரி ஆகியவை கட்டாயம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் திறந்த குழி எதுவும் இருக்கக் கூடாது. இரண்டு பேர் முறைவைத்து வாசலில் லாரி எண்ணையும் நேரத்தையும் நோட்டில் குறித்தால் போதும். தோண்டும் கூலித் தொழிலாளர்களுக்குப் பூட்ஸும் கையுறையும் முகக்கவசமும் இருக்கின்றனவா என்று பார்ப்பதும் உங்கள் வேலைதான். அவர்களுக்காகக் கேட்பதற்கு அந்த இடத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

எட்டாம் படி: முடிந்த பிறகு

வேலை முடிந்ததும் சரிபார்ப்பு மாதிரிகளை ஒப்பந்ததாரர் மட்டும் எடுத்தால் ஏற்க வேண்டாம். ஒரே குழியிலிருந்து எடுத்த மண்ணை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நீங்கள் தேர்ந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் உரிமையைத் தொடக்கத்திலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

மூடிவைத்துச் சீரமைத்த நிலத்தில் போர் போடக் கூடாது, அடித்தளம் தோண்டக் கூடாது என்பன போன்ற தடைகள் காலம் முழுவதும் தொடரும். இந்தத் தடை பத்திரத்தில் இருந்தால் மட்டும் போதுமா என்பதற்கு அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரத்து லவ் கனால் பதில் சொல்கிறது. அங்கே சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்த நிறுவனம், 1953இல் அந்த நிலத்தை ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்துக்குக் கொடுத்தபோது பத்திரத்தில் கழிவைப் பற்றிக் குறிப்பிட்டிருந்தது. பள்ளியும் வீடுகளும் எழும்பின. 1978இல் அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டி வந்தது. ஆகவே தடை விவரம் வில்லங்கச் சான்றில் தெரியும்படி பதிவாக வேண்டும், மாநகராட்சியின் கட்டட அனுமதிக் கோப்பிலும் ஏற வேண்டும், நிலத்தின் வாசலில் தமிழில் பலகையாகவும் நிற்க வேண்டும்.

சீரமைப்பால் தெருவின் மதிப்பு உயர்ந்து வாடகை ஏறும். இத்தனை ஆண்டுகள் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களே வெளியேற நேரும். இதைத் தடுக்கச் சட்டத்தில் நேரடியான வழி குறைவு. புதிய கட்டடத்தில் சில்லறைக் கடைகளையும் வேலைகளையும் அக்கம்பக்கத்தாருக்கு முன்னுரிமையாகக் கேட்பது, சமுதாயக் கூடத்தையும் குடிநீர் இணைப்பையும் பேச்சுவார்த்தையில் வாங்குவது ஆகியவையே நடைமுறையில் கிடைப்பவை. கண்காணிப்புப் போர்களின் நீரைப் பருவமழைக்கு முன்னும் பின்னுமாக ஆண்டுக்கு இருமுறை சோதிக்கும் செலவை யார் ஏற்பது என்பதையும் அதே பேச்சில் முடித்து, ஒவ்வொரு முடிவின் நகலையும் வார்டு உறுப்பினர், சங்கம், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஆகிய மூவரிடமும் கொடுத்து வையுங்கள்.